கடல் பக்கத்துலயே இருந்தும் சென்னைக்கு எப்படி 45 டிகிரி வந்துச்சு? கடலோரமா, உள் மாவட்டமா, எங்க வெயில் குளிர் மோசம்?

பாலாத்துக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் வேலூர், வேலை சென்னைல, வேளச்சேரில குடியிருக்கேன். ஸ்கூல்ல படிச்சது என்னன்னா கடலோர ஊர்ல வெயிலும் மிதமா இருக்கும் குளிரும் மிதமா இருக்கும், உள்ள போகப் போக ரெண்டுமே ஏறும்னு. பெரும்பாலும் அது சரியாத்தான் இருக்கு, கத்திரி வெயில்ல எங்க ஊர்ல 41, 42 எல்லாம் சாதாரணம், இங்க 37, 38. மார்கழில எங்க ஊர்ல விடியக்காலைல மஃப்ளர் இல்லாம பால் வாங்கப் போக முடியாது, இங்க ஃபேன் ஓடிட்டேதான் இருக்கும்.

ஆனா 2003 மே 31 அன்னைக்கு நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி பதிவாயிருக்கு. அங்க இருந்து மெரினா என்ன, அஞ்சு கிலோமீட்டர் இருக்குமா? அன்னைக்கும் கடல் அங்கயேதானே இருந்துச்சு, அது ஏன் குளுமை பண்ணல?

ரெண்டாவது, எங்க ஊர் 41ல வேப்பமரத்தடில கட்டில போட்டு படுத்தா தூக்கமே வந்துடும், இங்க 36ல நிழல்ல நின்னாலும் சட்டை முதுகோட ஒட்டிக்கிது, மூச்சு முட்டுது. அப்போ எதுதான் நிஜமாவே உடம்புக்கு மோசம்? அம்மாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, மே மாசம் மட்டும் இங்க கூட்டிட்டு வந்து வெச்சுக்கலாமான்னு யோசிக்கிறேன், அதுக்காகத்தான் கேக்குறேன்.

மூணாவது, தங்கச்சி பையனுக்கு கனடால வேன்கூவர், வின்னிபெக் ரெண்டு இடத்துலயும் சீட் வந்திருக்கு. மேப்ல பாத்தா ரெண்டும் ஒரே நேர்கோட்டுல இருக்கு. குளிரும் ஒரே மாதிரிதானே இருக்கும்?

மேல்காத்து:
நல்ல கேள்வி ப்ரோ, இதுல எனக்கு ரொம்ப வருஷமா ஆர்வம், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல கடல் ஏன் மிதமா வெச்சிருக்குன்னு பாப்போம். மே மாசம் மத்தியானம் மெரினால செருப்ப கழட்டிட்டு மணல்ல நடந்து பாருங்க, ரெண்டு எட்டு வைக்க முடியாது, ஓடிப்போய் அலைல கால வெச்சா தண்ணி பரவால்லாம இருக்கும். அதே இடத்துல ராத்திரி பதினோரு மணிக்கு போனா மணல் சில்லுனு ஆகியிருக்கும், தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். ஒரு கிராம் தண்ணியோட சூட்ட ஒரு டிகிரி ஏத்த 4.2 ஜூல் வேணும், காஞ்ச மணலுக்கு 0.8 போதும். அதோட வெயில் தண்ணிக்குள்ள பல மீட்டர் ஆழம் இறங்குது, அலை கலக்கி விடுது, ஆவியாகுறதுல வேற சூடு போகுது. மண்ணுல மேல இருக்குற கொஞ்சம்தான் சூடாகும், அதனால சட்டுனு ஏறும் சட்டுனு இறங்கும். நம்ம வங்காள விரிகுடா ஜனவரில 26, 27 டிகிரின்னா மே மாசம் 30 பக்கம், வருஷம் பூரா வித்தியாசமே அவ்வளவுதான்.

ஆனா கடல் அங்க இருந்தா மட்டும் போதாது, அதோட காத்து நம்ம மேல வரணும், விஷயமே அதுலதான் இருக்கு. கோடைல சென்னைக்கு பொதுவா அடிக்கிறது மேற்கு காத்து, அது ராயலசீமா, வேலூர், திருத்தணின்னு காஞ்ச நிலத்து மேலயே வந்து நல்லா சூடேறி வரும். பகல்ல தரை சூடானதும் கடல்காத்து உள்ள வரப் பாக்கும், மேற்கு காத்து அதைத் தள்ளிட்டே இருக்கும். பதினொன்னு பன்னெண்டுக்குள்ள கடல்காத்து ஜெயிச்சுட்டா அன்னைக்கு 36, 37ல நின்னுடும், ரெண்டு மூணு மணி வரைக்கும் வரலன்னா 40, 41 தாண்டும், வரவே இல்லைன்னா சென்னையும் வேலூரும் அன்னைக்கு ஒண்ணுதான், நீங்க சொன்ன 2003 மே 31 அப்படிப்பட்ட நாள்தான். வங்கக்கடல்ல புயல் உருவாகி நம்மள விட்டுட்டு வடக்க ஒடிசா, வங்காளம் பக்கம் போச்சுன்னா இதுதான் நடக்கும், மேற்கு காத்த அது இழுத்து விடும், ஈரத்தையும் கொண்டு போயிடும். புயல் வந்தா குளிரும்னு நம்பி உக்காந்திருப்போம், அனல்தான் வரும். நெல்லூர், ஓங்கோல் எல்லாம் கடலோரம்தான், அங்கயும் இதே கதைதான்.

மும்பையோட ஒப்பிட்டா இன்னும் தெளிவா புரியும். சென்னைல இதுவரைக்கும் அதிகபட்சம் 45, குறைஞ்சபட்சம் 13.9. மும்பை சாந்தாகுரூஸ்ல அதிகபட்சம் 42.2, 1952 ஏப்ரல்ல. குறைஞ்சபட்சம் 7.4, 1962 ஜனவரில. ரெண்டும் கடலோரம், ஆனா சென்னைக்கு வெயில் சாதனை பெருசு, மும்பைக்கு குளிர் சாதனை பெருசு. ஏன்னா கோடைல மேற்கு காத்து மும்பைக்கு கடல்ல இருந்து வருது, நமக்கு தரைல இருந்து வருது. குளிர்காலத்துல வடகிழக்கு காத்து நமக்கு கடல் மேல வருது, மும்பைக்கு தரை வழியா வருது. ஒரே நாடு, ரெண்டு கரை, அப்படியே தலைகீழ். அதே மகாராஷ்டிரால உள்ள தள்ளி இருக்குற நாக்பூர பாருங்க, 2013 மே மாசம் 47.9, 2018 டிசம்பர்ல 3.5. ரெண்டு பக்கமும் இழுக்குது, உள்நாடுன்னா இதான்.

வின்னிபெக்கம்மா:
பாலாத்துக்கரை தம்பி, உங்க மூணாவது கேள்விக்கு மட்டும் நான் சொல்றேன், இங்க வந்து ரொம்ப வருஷம் ஆச்சு, முதல்ல கொஞ்ச நாள் வேன்கூவர் பக்கம் இருந்தோம், அப்புறம் வீட்டுக்காரருக்கு வேலை மாறி வின்னிபெக் வந்தோம்.

மேப்ல ஒரே கோடுதான், வேன்கூவர் அட்சரேகை 49, வின்னிபெக் 50, ஆனா குளிர் ஒண்ணே கிடையாது. வேன்கூவர்ல ஜனவரின்னா மழைத் தூறல், மேகமூட்டம், 3, 4 டிகிரி, பனி விழுந்தாலும் ரெண்டு நாள்ல கரைஞ்சு சேறாயிடும். இங்க ஜனவரி சராசரியே மைனஸ் 16. ராத்திரி கார் இன்ஜின சூடா வெச்சிருக்குற பிளாக் ஹீட்டர் வயர கொண்டுபோய் பிளக்ல சொருகிட்டுதான் படுக்கப் போவோம், மறந்துட்டா காலைல இன்ஜின் அசையாது. மைனஸ் 30ல பஸ் ஸ்டாப்ல நின்னா மூச்சு விடுற ஈரம் கண் இமைல படிஞ்சு உறைஞ்சு ரெண்டு இமையும் ஒட்டிக்கும், நாம கையால பிரிச்சு விடணும். வின்னிபெக்கோட சாதனை மைனஸ் 47.8, 1879 டிசம்பர் 24. அதே ஊர்ல 1936 ஜூலைல 42.2 வந்திருக்கு. மொத்தம் 90 டிகிரி வித்தியாசம் தம்பி, ஒரே ஊர். வேன்கூவர் ஏர்போர்ட்ல மைனஸ் 17.8ல இருந்து 34.4, அவ்வளவுதான்.

2021 ஜூன்ல பெரிய வெப்ப அலை வந்துச்சே, அப்போ லிட்டன்னு ஒரு சின்ன ஊர், அதுவும் பிரிட்டிஷ் கொலம்பியாதான், மலைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்குல இருக்கு, அங்க ஜூன் 29ம் தேதி 49.6 வந்துச்சு, மறுநாள் தீப்பிடிச்சு ஊரே எரிஞ்சு போச்சு. அந்த வாரம் வேன்கூவர் ஏர்போர்ட்ல 32ஐ ஒட்டித்தான் இருந்துச்சு, கடல் காப்பாத்திடுச்சு.

இருந்தாலும் பையன பயமுறுத்தாதீங்க. இங்க வீடு, காலேஜ், பஸ் எல்லாம் குளிருக்குன்னே கட்டினது, குளிர்காலத்துல வானம் நீலமா நல்ல வெயிலா இருக்கும், எனக்கு வேன்கூவர் மழை இருட்ட விட இது பிடிச்சிருக்கு. நல்ல பார்காவும் (தடிமனான குளிர் கோட்டு) ஷூவும் இங்க வந்து வாங்கட்டும், ஊர்ல இருந்து வாங்கிட்டு வர்ற ஜாக்கெட் ஒண்ணுக்கும் ஆகாது.

கோபி_ஐடி:
அக்கா ஒரு சந்தேகம், நியூயார்க், பாஸ்டன் எல்லாம் கடல் மேலதானே இருக்கு, அங்க ஏன் அப்படி பனி கொட்டுது? லிஸ்பன் கிட்டத்தட்ட அதே அட்சரேகை, அங்க ஜனவரில 11, 12 டிகிரி இருக்குன்னு ஃப்ரெண்ட் சொல்றான்.

மேல்காத்து:
கோபி, மறுபடியும் காத்துதான். அந்த அட்சரேகைல காத்து பெரும்பாலும் மேற்குல இருந்து கிழக்க போகும். லிஸ்பனுக்கு அது அட்லாண்டிக் மேல வருது, நியூயார்க்குக்கு கனடா சமவெளி மேல வருது. அதனால ஒரு கண்டத்தோட மேற்குக் கரைல இருந்தா கடலோட குணம் முழுசா கிடைக்கும், கிழக்குக் கரைல இருந்தா பாதிதான் கிடைக்கும். கனடாவோட ஹாலிஃபாக்ஸும் பிரான்ஸோட போர்டோவும் ஒரே அட்சரேகை, ஜனவரில ஹாலிஃபாக்ஸ் பூஜ்யத்துக்கு கீழ, போர்டோல 7 டிகிரி. ரஷ்யாவோட விளாடிவாஸ்டாக் துறைமுக ஊர், பிரான்ஸோட நீஸ் அளவுக்குதான் வடக்க இருக்கு, ஆனா ஜனவரி சராசரி மைனஸ் 12, ஏன்னா குளிர்காலம் பூரா சைபீரியா காத்து ஊர் மேல அடிச்சு கடலுக்குப் போகுது. கடல் கண்ணு முன்னாடி இருக்கு, பிரயோஜனம் இல்ல.

நிலத்தோட குணம் முழுசா தெரியணும்னா வெர்கோயான்ஸ்க் பாருங்க, சைபீரியாக்குள்ள இருக்கு. 1892ல மைனஸ் 67.8, 2020 ஜூன் 20ல பிளஸ் 38, உலக வானிலை அமைப்பே அந்த 38ஐ ஏத்துக்கிச்சு. 105 டிகிரிக்கு மேல வித்தியாசம். நார்வேல ட்ரோம்சோ அதை விட வடக்க, ஆனா கடல் மேல, ஜனவரி சராசரி மைனஸ் 4 தான். இதுக்கு நேர் எதிரா சிங்கப்பூர், 1929ல இருந்து வெச்சிருக்குற பதிவுல குறைஞ்சது 19, அதிகபட்சம் 37. மொத்தமே 18 டிகிரி. அது கடலால மட்டும் இல்ல, பூமத்தியரேகை பக்கம் வருஷம் பூரா சூரியன் ஒரே மாதிரி, ஈரமும் எப்பவும் இருக்கு.

மீன்பாடும்தேன்நாடு:
வணக்கம். மேல்காத்து அண்ணா சொன்னதுக்கு எங்கட மட்டக்களப்பு நல்ல உதாரணம், அதால எழுதுறன். நாங்கள் இலங்கையின்ட கிழக்குக் கடற்கரை, கொழும்பு மேற்குக் கடற்கரை. வைகாசி, ஆனி மாசங்கள்ல கொழும்புப் பக்கம் மழை கொட்டும், நடுவில மலையில இருக்கிற நுவரெலியாவில மேகம் மூடிக் கிடக்கும். அந்த நேரம் இஞ்ச மேற்கில இருந்து வாற கச்சான் காத்து தொடங்கும். மலையின்ட மேற்குப் பக்கத்தில ஈரத்தை எல்லாம் மழையாக் கொட்டிப்போட்டு இந்தப் பக்கம் இறங்கி வரேக்க காத்து காஞ்சு சூடாகித்தான் வரும். பகல்ல முகத்தில நெருப்பு அடிக்கிற மாதிரி இருக்கும், 35க்கு மேலயும் போகும், புல்லு எல்லாம் கருகிப் போயிடும், வீட்டுக்குள்ள புழுதி. பின்னேரம் கடல்காத்து வந்தாத்தான் சனம் வெளிய இறங்கும், சில நாள் அதுவும் வராது. மாரியில பாத்தீங்கள் எண்டா தலைகீழ், வாடைக்காத்து கடல்ல இருந்து மழையோட வரும், எங்களுக்கு அதுதான் நல்ல காலம். ஒரே தீவுதான், மலை ஒண்டு நடுவில நிக்கிறதால ரெண்டு கரைக்கும் இவ்வளவு வித்தியாசம்.

பெர்த்_செந்தில்:
நானும் ஒரு கரையோர ஊர்க்காரன், ஆஸ்திரேலியா பெர்த். சென்னைல கடல்காத்து எப்போ வரும்னு பாத்துட்டே இருப்போமே, இங்கயும் அதே, ஃப்ரீமேன்டில் டாக்டர்னு பேரே வெச்சு கூப்பிடுவாங்க, மத்தியானம் அது வந்துட்டா பத்து நிமிஷத்துல சட்டை காயும். வராத நாள்ல பாலைவனத்துல இருந்து கிழக்கு காத்து, 1991 பிப்ரவரில அப்படித்தான் 46.2 வந்துச்சு. மெல்பர்ன் கூட கடல் ஓரம்தான், 2009 பிப்ரவரி 7 அன்னைக்கு 46.4, வடக்கு காத்து, அன்னைக்குத்தான் அந்த பயங்கரமான காட்டுத்தீ, 173 பேர் செத்தாங்க. இன்னைக்கு வரைக்கும் இங்க யாரும் அதை மறக்கல.

ஆனா நான் சொல்ல வந்தது ஆன்ஸ்லோ பத்தி. மேற்கு ஆஸ்திரேலியால வடக்க கடற்கரைல ஒரு சின்ன ஊர், மீன்பிடி படகுத்துறை எல்லாம் உண்டு. 2022 ஜனவரி 13ல அங்க 50.7 டிகிரி. தென் அரைக்கோளத்துக்கே அதுதான் உச்சம், அதுக்கு முன்னாடி 1960ல அதே 50.7 வந்தது ஊட்னடாட்டாவுல, அது நாட்டு நடுவுல, கடல்ல இருந்து எவ்வளவோ தூரம். ஒண்ணு கடல் மேல, ஒண்ணு பாலைவனத்துல, ரெண்டும் சமம். ஆன்ஸ்லோல அன்னைக்கு தென்கிழக்கு காத்து பலமா இருந்து கடல்காத்த உள்ளயே விடல. அதனால உச்சபட்ச வெயில் மட்டும் பாத்தா கடலோரம் எப்பவும் தப்பிச்சுடும்னு சொல்ல முடியாது. ஆனா குளிர்ல வித்தியாசம் தெரிஞ்சிடும், ஊட்னடாட்டால குளிர்கால ராத்திரி பூஜ்யத்துக்கு கீழ போறது உண்டு, ஆன்ஸ்லோல அந்த மாதிரி கிடையாது. கடல் வெயில்ல சில நாள் கைவிட்டாலும் குளிர்ல அவ்வளவு சுலபமா கைவிடாது.

பாலாத்துக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தங்கச்சிக்கு லிங்க் அனுப்பிட்டேன், வின்னிபெக்கம்மா சொன்னத பையனும் படிச்சுட்டான். காத்து விஷயம் இப்போ நல்லா புரியுது. ஆனா அம்மா விஷயம் இன்னும் எனக்கு முடிவாகல, 41 வறண்ட வெயிலா, 36 புழுக்கமா, எது?

தம்மாம்_ரவி:
அண்ணே நான் ரெண்டையும் பாத்தவன், சவுதில முதல்ல ரியாத், இப்போ தம்மாம், கட்டட வேலை சூப்பர்வைசர். ரியாத்ல 46 அடிக்கும், உதடு வெடிக்கும், மூக்குல ரத்தம் கூட வரும், ஆனா நிழல்ல நின்னு தண்ணி குடிச்சா உடம்பு சமாளிக்கும், வேர்க்குறது உடனே காஞ்சிடும். ஜனவரில அங்க ராத்திரி நல்ல குளிர், ரெண்டு கம்பளி வேணும். தம்மாம் கடலோரம், ஆகஸ்ட்ல வெயில் அளவு 42ன்னு காட்டும், ஆனா ஏசி ரூம் கதவ திறந்து வெளிய வந்த உடனே கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சு எதுவும் தெரியாது, ராத்திரி பத்து மணிக்கும் சட்டை பிழியலாம். பக்கத்துல தஹ்ரான்ல 2003 ஜூலை 8ல பனிநிலையே (காத்துல இருக்குற ஈரம் தண்ணியா படிய ஆரம்பிக்கிற வெப்பநிலை) 35 டிகிரிக்கு போயிருக்கு, காத்துல அவ்வளவு ஈரம். ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் பகல் 12ல இருந்து 3 வரை வெளி வேலை கூடாதுன்னு இங்க சட்டமே இருக்கு. ஆளுங்க மயங்கி விழுறத நான் ரியாத்ல பாத்தத விட இங்கதான் அதிகமா பாத்திருக்கேன்.

மேல்காத்து:
ரவி சொல்றதுக்கு கணக்கும் இருக்கு. தெர்மாமீட்டர் குமிழ்ல ஈரத்துணி சுத்தி எடுக்குற அளவு ஒண்ணு உண்டு, வேர்வை காஞ்சு உடம்பு எவ்வளவு குளிர முடியும்னு அது காட்டும். வேலூர் 41 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம்னு வெச்சா அது ஏறக்குறைய 25 வரும். சென்னை 36, ஈரப்பதம் 60 சதவீதம்னா 29 தாண்டிடும். இந்த அளவு 35ஐ தொட்டா நிழல்ல சும்மா உக்காந்திருந்தாலும் ஆரோக்கியமானவங்களே தாங்க முடியாதுன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாங்க, 2022ல பென்சில்வேனியா ஸ்டேட் யுனிவர்சிட்டில இளவயசுக்காரங்கள வெச்சு பாத்தப்போ 31 பக்கத்துலயே உடம்பு திணற ஆரம்பிச்சுடுச்சு. நம்ம வானிலை மையம் வெப்ப அலைன்னு அறிவிக்க சமவெளிக்கு 40, கடலோரத்துக்கு 37ன்னு வெவ்வேற அளவு வெச்சிருக்குறதும் கடலோரத்த தனியா பாக்கணும்ங்கறதாலதான், வழக்கத்த விட நாலரை டிகிரி கூடவும் இருக்கணும்.

முத்துநகர்_நர்ஸ்:
நான் தூத்துக்குடி, ஆஸ்பத்திரில வேலை. இங்க உப்பளத்து வேலைக்கு போறவங்க விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே போயிடுவாங்க, ஒன்பது பத்து மணிக்கு மேல பாத்தில நிக்க முடியாது, மேல வெயில், கீழ உப்பு வெள்ளையா கண்ண கூச வைக்கும், காத்துல ஈரம் வேற. கடலோரம்தானேன்னு நினைச்சு வர்ற ஆபத்து நிறைய, சார்.

அம்மா விஷயத்துல என் மனசுல பட்டத சொல்றேன். வயசானவங்களுக்கு பகல் வெயில விட ராத்திரி சூடு இறங்காம இருக்குறதுதான் பெரிய கெடுதல், உடம்புக்கு ஓய்வே கிடைக்காது. சென்னைல மே மாசம் ராத்திரி 28, 29க்கு கீழ இறங்காத நாள் நிறைய, நீங்க மேல் மாடில மொட்டை மாடிக்கு நேர் கீழ இருந்தீங்கன்னா ரூமுக்குள்ள இன்னும் கூட. அதனால உங்க வீட்டுல ராத்திரி பூரா ஏசி ஓட வசதி இருந்தா, கரண்ட்டும் நிக்காதுன்னா, கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா வேலூர்லயே ஓட்டு வீடோ கீழ் தளமோ இருந்தா அதுவே மேல். அங்க ஆனா வேற ஒரு விஷயம் கவனிக்கணும், வறண்ட வெயில்ல வேர்க்குறதே தெரியாது, வயசானவங்களுக்கு தாகமும் சரியா தெரியாது, தண்ணி கேக்கவே மாட்டாங்க. மணிக்கு ஒரு தடவை யாராவது கைல டம்ளர கொடுத்து குடிக்க வைக்கணும், மோர், கஞ்சித்தண்ணி எதுவானாலும் சரி. 40 தாண்டினா ஃபேன் காத்தே அனலா வரும், அப்போ கழுத்து, கைக்கு ஈரத்துணி வெச்சு அதுக்கு மேல ஃபேன் போடுங்க. பிபிக்கு தண்ணி மாத்திரை (ஒண்ணுக்கு அதிகமா போக வைக்கிற மாத்திரை) சாப்பிடுறாங்களான்னு பாருங்க, சாப்பிட்டா வெயில் காலத்துக்கு அளவ மாத்தணுமான்னு டாக்டர் கிட்ட இப்பவே கேட்டுடுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. பேசுறது குழறுது, ஆள் அடையாளம் தெரியல, உடம்பு கொதிக்குதுன்னா ஒரு நிமிஷம் கூட காத்திருக்க வேண்டாம், உடம்ப நனைச்சுக்கிட்டே 108க்கு போன் பண்ணுங்க.